கழுத்துக் காயம், தைராய்டு புற்றுநோய்: எதற்கு ஓட வேண்டும், எதற்குப் பொறுக்கலாம்

எங்கள் தெரு கடலூர் முதுநகரில் இருக்கிறது. ஒரே வருஷத்தில் அந்தத் தெருவில் இரண்டு பேருக்குக் கழுத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. ஒருவன் எதிர்வீட்டுப் பையன், இருபத்திரண்டு வயது. ராத்திரி பைக்கில் வரும்போது சாலைக்குக் குறுக்கே தொய்ந்து கிடந்த கேபிள் வயர் கழுத்தில் மாட்டி ஆளைக் கீழே தள்ளிவிட்டது. இன்னொருவர் என் பெரியம்மா. கண்ணாடி முன் நின்று தாலிச்சரடைச் சரிசெய்தபோது தொண்டைக்குக் கீழே சின்னதாக ஓர் உருண்டை கையில் தட்டுப்பட்டது.

பையன் விஷயத்தில் நாங்கள் நிதானமாக இருந்தோம். கழுத்தில் நீளமாக ஒரு கீறல், கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான் வெளியே தெரிந்தது. யாரோ காப்பித்தூளை வைத்து அமுக்கினார்கள். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் நாலு தையல் போட்டு, வலிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். விடிவதற்குள் அவன் முகம் உப்பி, குரல் கம்மி, மூச்சுக்குத் தவிக்க ஆரம்பித்துவிட்டான். பெரியம்மாவுக்கு நடந்தது நேர்மாறு. ஊசிப் பரிசோதனைத் தாளில் புற்றுநோய் என்று வந்த அன்றைக்கு ராத்திரியே, "நாளைக்கே ஆபரேஷன் பண்ணிடணும், எங்க இடம் கிடைக்குதோ அங்க சேர்த்துடலாம்" என்று வீடே கலங்கியது.

இரண்டிலும் நாங்கள் செய்தது தலைகீழ். கழுத்துக் காயத்துக்கு நிமிஷக் கணக்கு. தைராய்டு புற்றுநோயில் பெரும்பாலானவற்றுக்கு வாரக் கணக்கு. இந்த ஒன்றை முன்பே தெரிந்து வைத்திருந்தால் அந்தப் பையன் ஒரு மாதம் மருத்துவமனையில் கிடந்திருக்க வேண்டாம், பெரியம்மாவும் இரண்டு வாரம் தூங்காமல் அழுதிருக்க வேண்டாம். அப்புறம் மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, எனக்கு எப்படிப் புரிந்ததோ அப்படியே இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். கழுத்தின் முன்பக்கத்தை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். முதலில் தட்டுப்படுவது குரல்வளை, ஆண்களுக்குத் துருத்திக்கொண்டு தெரியும். அதற்குக் கீழே வளையம் வளையமாக மூச்சுக்குழல். அதன் முதுகை ஒட்டி உணவுக்குழல். அதற்கும் பின்னால் கழுத்தெலும்பு, எலும்புக்குள் தண்டுவடம். இரண்டு பக்கமும் நாடி துடிக்கிற இடத்தில் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி, அதற்குப் பக்கத்திலேயே ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் ஜுகுலார் சிரை. மூச்சுக்குழலைக் கட்டிப்பிடித்தபடி, பட்டாம்பூச்சி இறகு விரித்தாற்போல தைராய்டு. அதன் எடை இருபது கிராமுக்கு முன்னே பின்னே. இத்தனையும் ஒரு கை அகலத்துக்குள் அடங்கிவிடுகிறது.

கெடிலம் ஆற்றுப் பாலத்தில் ஒரு லாரி பழுதாகி நின்றால் மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் நடுவில் என்ன ஆகும் என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலைக்கும் உடம்புக்கும் நடுவில் கழுத்து அப்படிப்பட்ட பாலம். இன்னொரு விஷயமும் உண்டு. கழுத்துக்குள் இருக்கிறவற்றைச் சுற்றி உறை உறையாக இறுக்கமான சவ்வு இருக்கிறது. வயிற்றுக்குள் ஒரு டம்ளர் ரத்தம் கசிந்தால் உடம்பு தாங்கிக்கொள்ளும். கழுத்துக்குள் அதே அளவு கசிந்தால் போக இடமில்லாமல் உள்பக்கம் அழுத்தி மூச்சை அடைத்துவிடும். இதை மறக்காதீர்கள், தைராய்டு அறுவை சிகிச்சைக்கு வரும்போது இதே சங்கதி திரும்ப வரும்.

காயம்

வாயின் இரண்டு ஓரத்தையும் கீழே இழுத்துப் பல்லைக் கடித்தால், கழுத்துத் தோலுக்கு அடியில் நார் நாராக ஒரு படலம் எழும்பித் தெரியும். சவரம் செய்கிறவர்கள் தினமும் பார்ப்பதுதான். பிளாட்டிஸ்மா என்று பெயர், வேட்டித் துணி போல மெல்லிய தசை. கத்தியோ கண்ணாடியோ கம்பியோ குத்திய கழுத்துக் காயத்தில் இந்தத் துணி கிழிந்திருக்கிறதா என்பதுதான் அறுவை சிகிச்சை நிபுணரின் முக்கியமான கேள்வி. கிழியவில்லை என்றால் கழுவித் தைத்து அனுப்பலாம். கிழிந்திருந்தால், வெளியே சுண்டுவிரல் நுழையாத ஓட்டைதான் தெரிந்தாலும், பெரிய மருத்துவமனையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அந்த ஓட்டைக்குள் விரலையோ கருவியையோ விட்டுத் துழாவவும் கூடாது. உள்ளே உறைந்து அடைத்துக்கொண்டிருக்கும் ரத்தக்கட்டிதான் அப்போதைக்கு அந்த ஆளின் உயிரைப் பிடித்து வைத்திருக்கலாம். துழாவினால் அது கழன்றுவிடும்.

சில அறிகுறிகள் இருந்தால் ஸ்கேனுக்குக்கூட நிற்காமல் நேரே ஆபரேஷன் தியேட்டருக்குப் போவார்கள். ரத்தம் துடித்துத் துடித்துப் பீறிடுவது, கழுத்தில் வீக்கம் கண்முன்னே பெரிதாகிக்கொண்டே போவது, காயத்திலிருந்து காற்று குமிழி விட்டு வெளியேறுவது, ரத்த அழுத்தம் விழுந்துபோவது, ஒரு பக்கக் கைகால் இழுத்துக்கொள்வது, மூச்சு முட்டுவது. இவற்றில் ஒன்று இருந்தாலே போதும்.

இவை இல்லாதவர்களை என்ன செய்வது என்பதில் மருத்துவம் ஒரு சுற்று சுற்றி வந்திருக்கிறது. 1956இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஃபோகல்மனும் ஸ்டூவர்ட்டும் கழுத்தில் ஊடுருவிய காயம் பட்ட 100 பேரைப் பற்றி எழுதினார்கள். உடனே கழுத்தைத் திறந்து பார்க்கப்பட்டவர்களில் இறந்தவர்கள் 6 சதவீதம். தாமதமாகத் திறக்கப்பட்டவர்களிலும் திறக்காமலே விடப்பட்டவர்களிலும் 35 சதவீதம். அதன்பின் வெகுகாலம் பிளாட்டிஸ்மா கிழிந்தால் திறந்தே ஆக வேண்டும் என்பதுதான் வழக்கம். ஆனால் அப்படித் திறந்த கழுத்துகளில் பாதிக்குப் பாதி உள்ளே ஒன்றும் இல்லாமல் மூட வேண்டியிருந்தது. இப்போது சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோ ஸ்கேன் சில நிமிஷத்தில் ரத்தக்குழாய்களை வரைந்து காட்டிவிடுகிறது. அதனால் யாரைத் திறப்பது, யாரைக் கவனித்தபடி வைத்திருப்பது என்று பிரித்துவிட முடிகிறது.

கழுத்தை மூன்று மண்டலமாகப் பிரித்துப் பேசுவதும் இந்தக் கணக்குக்குத்தான். காறை எலும்புக்கு மேலிருந்து குரல்வளையின் அடிவரை முதல் மண்டலம். அங்கிருந்து காதுக்குக் கீழே தாடை மடங்கும் மூலை வரை இரண்டாவது. அதற்கு மேல் மண்டையோட்டின் அடிவரை மூன்றாவது. நடு மண்டலத்தில் காயம் என்றால் நிபுணரின் கத்தி எளிதாகப் போய்ச் சேரும். கீழ் மண்டலத்துக்கு நெஞ்சைத் திறக்க வேண்டி வரலாம். மேல் மண்டலத்தில் தாடை எலும்பு மறைக்கும். அங்கே ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழலைச் செலுத்தி அடைப்பதே பல நேரம் சுலபம். உள்ளே போன பிறகும் எல்லாக் குழாயும் ஒன்றல்ல. கரோட்டிட் கிழிந்திருந்தால் முடிந்தவரை தைப்பார்கள், அல்லது காலிலிருந்து ஒரு சிரையை எடுத்து ஒட்டுப்போடுவார்கள். கட்டிவிட்டால் மூளைக்குப் போகும் ரத்தம் குறையும். ஜுகுலார் சிரையை ஒரு பக்கம் கட்டிவிட்டால் மறுபக்கம் ஈடுகொடுத்துவிடும்.

சரி, எங்கள் பையனுக்கு வருவோம். அவனுக்குக் குத்துக் காயம் இல்லை. வயர் இறுக்கிய வேகத்தில் குரல்வளைக் குருத்தெலும்பு நசுங்கி, மூச்சுக்குழலில் ஒரு கிழிசல். தோல் கிட்டத்தட்ட முழுசாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் அவன் அப்போதே சொன்னான்: "அண்ணா, பேசினா குரல் எப்படியோ வருது." அதுதான் சாட்சி. கழுத்தில் அடிபட்டவருக்குக் குரல் மாறினால், எச்சிலில் ரத்தம் வந்தால், விழுங்கும்போது வலித்தால், கழுத்துத் தோலை அமுக்கும்போது பொரி நசுங்குவது போல நறநறவென்றால், மூச்சுப்பாதை எங்கோ கிழிந்து காற்று தோலுக்கு அடியில் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டு உடனே கிளம்ப வேண்டும். மேலே போட்ட தையல், காற்று வெளியேற இருந்த வழியையும் அடைத்துவிட்டது. அவனைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததும், காயத்துக்குக் கீழே கழுத்தில் துளையிட்டு ட்யூப் வைத்தார்கள். அதற்கு டிரக்கியாஸ்டமி என்று பெயர். முதலில் மூச்சு, அப்புறம்தான் மற்றதெல்லாம். அதன்பின் குருத்தெலும்பை நிமிர்த்தி, கிழிசலைத் தைத்து, ஆறிய பிறகு ட்யூபை எடுத்தார்கள்.

1927இல் பிரான்சின் நீஸ் நகரில் நடனக் கலைஞர் இசடோரா டங்கன் காரில் போகும்போது, கழுத்தில் சுற்றியிருந்த நீளமான சால்வை சக்கரத்தில் சிக்கி உயிரிழந்தார். நம் ஊரில் அதே ஆபத்து பைக்கின் பின்சீட்டில் பறக்கும் துப்பட்டாவிலும் சேலைத் தலைப்பிலும் இருக்கிறது. பட்டம் விடும் மாஞ்சா நூலும், இரவில் கரும்பு டிராக்டரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுமையும், லாரியில் துருத்தும் கம்பியும் இதே கழுத்து உயரத்தில்தான் வருகின்றன. நெல்லிக்குப்பம் பக்கம் ஆலைக்குக் கரும்பு போகும் மாதங்களில் ராத்திரி வண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரியும்.

உணவுக்குழல் கிழிந்தால் அது வஞ்சகமான காயம். முதல் நாள் ஆள் நன்றாகவே இருப்பார். விழுங்கிய எச்சில் கழுத்துக்குள் கசிந்து, சவ்வுகளின் நடுவே நெஞ்சுக்கு இறங்கிச் சீழ்ப்பிடித்த பிறகுதான் காய்ச்சல் வரும். ஒரு நாளைத் தாண்டிவிட்டால் தைத்தாலும் ஒட்டுவது கடினம். அதனால்தான் ஒன்றும் தெரியாதபோதே சாயம் விழுங்கச் சொல்லிப் படம் எடுப்பதும், எண்டோஸ்கோப் விட்டுப் பார்ப்பதும். அதேபோல் மோதலில் கழுத்து வெடுக்கென்று திரும்பினால் தமனியின் உள்சவ்வு மட்டும் கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து, சில மணி நேரமோ சில நாளோ கழித்துப் பக்கவாதம் வரலாம். இதற்குப் பெரும்பாலும் கத்தி வேண்டாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து போதும், ஆனால் கண்டுபிடித்தால்தானே கொடுக்க முடியும்.

நம் கையில் இருப்பது கொஞ்சம்தான், ஆனால் அது பெரிய கொஞ்சம். ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து, அந்த இடத்தை மட்டும் விடாமல் அமுக்கிப் பிடிக்க வேண்டும். கழுத்தைச் சுற்றிக் கட்டக் கூடாது. குத்திய பொருள் உள்ளேயே இருந்தால் பிடுங்கக் கூடாது. சிரை திறந்திருந்தால் மூச்சு இழுக்கும்போது வெளிக்காற்று அதற்குள் போய் இதயத்தை அடைக்கலாம், ஆகவே காயத்தைத் திறந்து திறந்து பார்க்க வேண்டாம். காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். மயங்கி விழுந்தவருக்குச் சோடாவும் காப்பியும் கொடுக்கும் நம் பழக்கம் இங்கே ஆகாது, கிழிந்த உணவுக்குழல் வழியே அது கழுத்துக்குள் போகும். பலா மரத்திலிருந்தோ பனையிலிருந்தோ விழுந்தவர், விபத்தில் தூக்கி எறியப்பட்டவர் என்றால் எலும்பும் உடைந்திருக்கலாம். தலையையும் உடம்பையும் ஒரே நேர்கோட்டில் பிடித்துத்தான் தூக்க வேண்டும். மூச்சுக்குத் திணறுகிறவர் உட்கார்ந்தால் சௌகரியம் என்றால் கட்டாயப்படுத்திப் படுக்க வைக்க வேண்டாம்.

108ஐக் கூப்பிடும்போதே "கழுத்துக் காயம்" என்று சொல்லிவிடுங்கள். தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த சாலை விபத்தென்றால் 2021இல் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் சேர்ந்திருக்கும் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு நம்மிடம் பணம் கேட்க மாட்டார்கள். காசு இல்லையே என்று கிளினிக் வாசலில் நிற்கிற அரை மணி நேரம் எவ்வளவு பெரியது என்று பார்த்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பெரியம்மாவின் உருண்டை

தைராய்டு மூச்சுக்குழலோடு ஒட்டியிருப்பதால், விழுங்கும்போது அதுவும் கூடவே ஏறி இறங்கும். கண்ணாடி முன் நின்று தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பாருங்கள். கட்டி மேலே போய்க் கீழே வந்தால் அது தைராய்டிலிருந்து வந்தது என்று ஓரளவு சொல்லலாம். தைராய்டில் கட்டி வருவது மிகச் சாதாரணம், பெண்களுக்கு இன்னும் சாதாரணம். நூறு கட்டியில் தொண்ணூறுக்கு மேல் புற்றுநோய் இல்லை.

எங்கள் வீட்டில் எல்லோரும் தவறாக நினைத்திருந்தது ஒன்று. "ரத்தத்துல தைராய்டு டெஸ்ட் நார்மல்னு வந்துடுச்சே, அப்புறம் எப்படி கேன்சர்?" என்று பெரியப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். ரத்தத்தில் பார்க்கும் டி.எஸ்.எச்., சுரப்பி சரியாக வேலை செய்கிறதா என்று மட்டும் சொல்லும். அதற்குள் வளர்ந்திருப்பது நல்லதா கெட்டதா என்று சொல்லாது. புற்றுநோய் உள்ள பெரும்பாலானவர்களுக்கு அந்த அளவு சரியாகவே இருக்கும். கட்டியைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், அதில் சந்தேகம் வந்தால் எஃப்.என்.ஏ.சி. என்கிற ஊசிப் பரிசோதனை. மெல்லிய ஊசியால் சில செல்களை உறிஞ்சி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். "ஊசி குத்தினா பரவிடும்", "கத்தி பட்டா பரவிடும்" என்று பயப்பட வேண்டாம். அந்தப் பயத்தால் தள்ளிப்போட்ட காலத்தில் பரவியதை, ஊசியின் மேல் பழி போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஊசிப் பரிசோதனையின் முடிவு பெதஸ்டா என்ற ஆறு படி அளவில் வரும். இரண்டு என்றால் கட்டி நல்லது. ஆறு என்றால் புற்றுநோய். நடுவில் நான்காம் படியில் வரும் ஃபாலிகுலர் வகைக் கட்டிதான் எல்லோரையும் குழப்புவது. பண்ருட்டிப் பலாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுளையை மட்டும் உருவிக் கையில் கொடுத்து, தோலில் எங்காவது ஓட்டை விழுந்திருக்கிறதா என்று கேட்டால் சொல்ல முடியுமா? முழுப் பழத்தையும் உருட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஃபாலிகுலர் கட்டியில் நல்லதற்கும் கெட்டதற்கும் செல்கள் ஒரே மாதிரி இருக்கும். கட்டி தன் உறையைக் கிழித்து வெளியேறியிருக்கிறதா என்பதே வித்தியாசம். ஆகவே தைராய்டின் அந்தப் பாதியை எடுத்து, உறையைச் சுற்றிலும் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும். இதைக் கேட்டதும் "என்ன நோய்னே தெரியாம வெட்டுறாங்க" என்று கோபப்படாதீர்கள்.

தைராய்டு புற்றுநோய் ஒன்றல்ல, ஒரு குடும்பம். பாப்பிலரி என்பதுதான் பெரும்பான்மை, பத்தில் எட்டுக்கு மேல். மெதுவாக வளரும், கழுத்தின் நெறிக்கட்டிகளுக்குப் போகும், ஆனாலும் சரியாகச் சிகிச்சை எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பல பத்தாண்டு வாழ்கிறார்கள். பெரியம்மாவுக்கு இருந்தது இதுதான். அடுத்தது ஃபாலிகுலர். இது ரத்தத்தின் வழியே எலும்புக்கும் நுரையீரலுக்கும் போகும், உணவில் அயோடின் குறைந்த இடங்களில் இதன் பங்கு அதிகம். நமக்குப் பக்கத்திலேயே மரக்காணம் உப்பளம் இருக்கிறது, வண்டியில் வரும் கல்லுப்பு மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் அயோடின் சேர்த்த பாக்கெட் உப்பை வாங்குவதுதான் நல்லது, முக்கியமாகப் பிள்ளைத்தாய்ச்சிகள் இருக்கிற வீட்டில். மூன்றாவது மெடுல்லரி. ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இது பரம்பரையாக வருகிறது. ஆகவே அந்தக் குடும்பத்தில் பிள்ளைகளுக்கும் மரபணுச் சோதனை செய்வார்கள், நோய் வருமுன்பே தைராய்டை எடுப்பதும் உண்டு. கடைசி அனபிளாஸ்டிக். நூறில் ஒருவர் இருவருக்கு வருவது, பெரும்பாலும் முதியவர்களுக்கு. சில வாரத்தில் கழுத்து முழுக்கப் பரவி மூச்சை அடைக்கும். நான் சொன்ன வாரக் கணக்கு இதற்குப் பொருந்தாது. பல வருஷமாக இருந்த கழலை திடீரென்று கல் போலக் கெட்டியாகி வேகமாக வளர்ந்தாலோ, குரல் கரகரத்து மூன்று வாரத்தில் சரியாகவில்லை என்றாலோ தள்ளிப்போடாமல் போய்க் காட்டுங்கள்.

பாப்பிலரிக்கு ஏன் நிதானம் போதும் என்பதற்கு இரண்டு நாட்டு அனுபவம். ஜப்பானில் கோபே நகரத்துக் குமா மருத்துவமனையில் 1993 முதல், ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட, ஆபத்து அறிகுறி இல்லாத பாப்பிலரி கட்டிகளை வெட்டாமல் ஸ்கேன் எடுத்துக் கவனித்து வருகிறார்கள். பத்து வருஷத்தில் பத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் கட்டி சற்றே பெரிதானது. பெரிதான பிறகு அறுவை சிகிச்சை செய்தவர்களும் நன்றாகவே இருந்தார்கள். தென் கொரியாவில் நடந்தது வேறு. அங்கே ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கெல்லாம் கழுத்து ஸ்கேன் எடுக்கப் போய், 2011இல் தைராய்டு புற்றுநோய் 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்கு ஆகிவிட்டது. ஆனால் அதனால் இறந்தவர்களின் விகிதம் மாறவே இல்லை. பலருக்குத் தேவையில்லாத கத்தி பட்டது. அதற்காக ஒரு கட்டி கையில் தட்டுப்பட்ட பிறகும் சும்மா இருந்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல நிபுணரைத் தேட, இன்னொருவரிடம் கருத்துக் கேட்க, காப்பீட்டு அட்டையை எடுத்துவைக்க, சர்க்கரை அளவைச் சரிசெய்ய உங்களுக்கு நாள் இருக்கிறது. பாப்பிலரி, ஃபாலிகுலர் வகைகளில் வயது 55க்குக் கீழ் என்றால் நுரையீரலுக்குப் போயிருந்தால்கூட இரண்டாம் நிலை என்றே கணக்கிடுவார்கள். அவ்வளவு சாதுவானது.

அந்த நாட்களை எதில் செலவழிக்க வேண்டும் என்றால், நிபுணரைத் தேர்ந்தெடுப்பதில். வருஷத்துக்கு 25க்கு மேல் தைராய்டு அறுவை சிகிச்சை செய்கிறவர்களிடம் சிக்கல்கள் குறைவு என்று கண்டிருக்கிறார்கள். "நீங்க வருஷத்துக்கு எத்தனை பண்ணுவீங்க டாக்டர்?" என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. பெரியம்மாவுக்காக அண்ணன் கேட்டான். அந்த டாக்டரம்மா கோபப்படாமல், விரலை மடக்கிக் கணக்குச் சொன்னார். கடலூர்க்காரர்களுக்குப் புதுச்சேரிக் கோரிமேடு ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்தான். 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் வேர்விட்டு வளர்ந்த ஜிப்மர் மருத்துவமனை அங்கே இருக்கிறது, வட்டாரப் புற்றுநோய் மையமும் அதற்குள்ளேயே. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். பாப்பிலரிக்கு அந்தக் காத்திருப்பு கெடுதல் செய்யாது.

தியேட்டருக்குள் நடப்பது

தோளுக்கடியில் திண்டு வைத்து, கழுத்து நிமிர்ந்து தெரியும்படி படுக்க வைப்பார்கள். கழுத்தில் இயற்கையாக இருக்கும் மடிப்பிலேயே, சுண்டுவிரல் நீளத்துக்குக் குறுக்கே ஒரு வெட்டு. இப்படி மடிப்போடு போகும் வெட்டுக்கு இன்றைக்கும் தியோடர் கோக்கரின் பெயரைச் சொல்வார்கள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து நிபுணர் அவர். அவருக்கு முந்திய காலத்தில் தைராய்டில் கத்தி வைப்பது கசாப்புக்குச் சமம் என்று பெரிய மருத்துவர்களே எழுதினார்கள், அவ்வளவு ரத்தம் போகும். கோக்கர் ஒவ்வொரு ரத்தக்குழாயாகக் கட்டிக் கட்டி, நிதானமாகச் செய்து, இறப்பை நூறில் ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்தார். 1909இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அவர் கதையில் என்னை உலுக்கியது வேறு. 1874இல் ஒரு பதினோரு வயதுச் சிறுமிக்கு முழுத் தைராய்டையும் எடுத்தார். அறுவை சிகிச்சை வெற்றி. சில வருஷம் கழித்துப் பார்த்தால் அவள் வளர்ச்சி நின்று, மந்தமாகிவிட்டிருந்தாள். தைராய்டு இல்லாமல் உடம்பு இயங்காது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. கோக்கர் அதை மறைக்கவில்லை. தன் நோயாளிகளைத் திரும்ப அழைத்துப் பார்த்து, 1883இல் எல்லோர் முன்னாலும் சொன்னார். இனித் தேவையில்லாமல் முழுசாக எடுப்பதில்லை என்று முடிவெடுத்தார். இன்று பெரியம்மா விழுங்கும் சின்ன மாத்திரைக்குப் பின்னால் அந்தச் சிறுமி இருக்கிறாள்.

முழுசா பாதியா என்பது இன்றும் முக்கியமான கேள்விதான். ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டி, ஒரே பக்கம், பரவல் இல்லை என்றால் பாதி எடுத்தால் போதும். நாலு சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, வெளியே பரவியிருந்தாலோ முழுசாக எடுப்பார்கள். நடுவில் இருப்பவர்களுக்கு இரண்டும் பொருந்தும், உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டியது. நெறிக்கட்டிகளில் நோய் இருந்தால் அவற்றையும் கொத்தாக எடுப்பார்கள், வெட்டு கொஞ்சம் நீளும்.

உண்மையில் தைராய்டை எடுப்பதைவிட, அதை ஒட்டியிருக்கிறவற்றை விட்டுவைப்பதில்தான் நிபுணரின் கைத்திறன் இருக்கிறது. குரல் நாணை அசைக்கும் நரம்பு இரண்டு. மூளையிலிருந்து வருவது நேராகக் குரல்வளைக்குப் போகாமல் நெஞ்சுக்கு இறங்கி, இடப்பக்கம் பெருந்தமனியையும் வலப்பக்கம் கைக்குப் போகும் தமனியையும் சுற்றி, திரும்ப மேலே ஏறி, தைராய்டின் முதுகோரமாகத் தொண்டைக்கு வருகிறது. நூல் பருமன்தான் இருக்கும். ஒன்று பழுதானால் குரல் கம்மும், சாப்பிடும்போது புரையேறும். இரண்டும் பழுதானால் மூச்சே அடைக்கும். நிரந்தரப் பாதிப்பு நல்ல கைகளில் நூறில் ஒன்றிரண்டுதான். தற்காலிகக் கரகரப்பு அதைவிட அதிகம், சில மாதத்தில் திரும்பிவிடும்.

இன்னொன்று பாராதைராய்டு. துவரம்பருப்பு அளவில், பெரும்பாலும் நாலு. தைராய்டின் முதுகில் கொழுப்போடு கொழுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் கால்சியத்தைக் காப்பது இவற்றின் வேலை. இவற்றை முதன்முதலில் கண்டு குறித்தது மனித உடம்பில் அல்ல. லண்டன் விலங்குக் காட்சியகத்தில் இறந்துபோன ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அறுத்துப் பார்த்த ரிச்சர்ட் ஓவன்தான் எழுதி வைத்தார். அவ்வளவு பெரிய விலங்கில் இருந்ததால் கண்ணில் பட்டது போலும். நம் கழுத்தில் அவற்றுக்கு ரத்தம் போகும் இழை அறுந்துவிட்டால், நிபுணர் அந்தப் பருப்பை எடுத்துத் துண்டு துண்டாக நறுக்கிப் பக்கத்துத் தசைக்குள் நட்டுவிடுவார். நாற்று போல அது அங்கே வேர்பிடித்து வேலை செய்யும்.

வார்டில் முதல் ராத்திரி நான்தான் பெரியம்மாவுடன் இருந்தேன். கட்டில் ஓரத்தில் ஒரு தட்டில் கத்தரிக்கோலும் தையல் பிரிக்கும் கருவியும் துணி மூடி வைத்திருந்தார்கள். எதற்கு என்று கேட்டேன். நர்ஸ் அக்கா சொன்னார்: "கழுத்து திடீர்னு வீங்கினா, மூச்சு முட்டுதுன்னு சொன்னா, உடனே என்னைக் கூப்பிடுங்க. தியேட்டருக்குப் போக நேரம் இருக்காது, இங்கயே தையலைப் பிரிச்சு ரத்தத்தை வெளியே விடணும்." நூறில் ஒருவருக்கு அப்படி நடக்கும், பெரும்பாலும் முதல் ஒரு நாளுக்குள். ஆரம்பத்தில் சொன்ன அதே இறுக்கமான உறைதான் காரணம். அந்த ராத்திரி மட்டும் பெரியம்மாவும் எதிர்வீட்டுப் பையனின் கணக்கில் இருந்தார், நிமிஷக் கணக்கு. கூட இருப்பவர்கள் தூங்கிவிடாமல் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் நாள் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்றார். கால்சியம் இறங்கியிருந்தது. சொன்னதும் ஊசி போட்டார்கள், பிறகு மாத்திரை. முழுத் தைராய்டையும் எடுத்தவர்களில் நாலில் ஒருவருக்காவது இது தற்காலிகமாக வருகிறது. பொறுத்துக்கொண்டு சொல்லாமல் இருக்கிற நம் வீட்டுப் பெரியவர்களிடம் நாமே கேட்டுவிட வேண்டும்: "விரல் மரத்துப்போகுதா?"

அதன்பின் சிலருக்குக் கதிரியக்க அயோடின் கொடுப்பார்கள், எல்லோருக்கும் தேவையில்லை. தைராய்டு செல் எங்கே ஒளிந்திருந்தாலும் அயோடினைத் தேடி உறிஞ்சும், அந்தப் பசியையே அதற்கு எதிராகப் பயன்படுத்துவது. அதற்கு முன் ஒன்றிரண்டு வாரம் உடம்பை அயோடினுக்கு ஏங்க விட வேண்டும். பாக்கெட் உப்பு, மீன், இறால், கருவாடு, பால் எல்லாம் நிறுத்தம். முதுநகர் வீட்டில் மீன் இல்லாத இரண்டு வாரம் பெரியம்மாவுக்கு ஆபரேஷனைவிடக் கஷ்டமாக இருந்தது. அயோடினற்ற உப்பைத் தேடி வாங்கித் தனியாகச் சமைத்தோம். மருந்தைக் குடித்த பிறகு சில நாள் தனி அறை. அதன் கதிர்வீச்சு எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகும். வீட்டுக்கு வந்தும் கொஞ்ச நாள் குழந்தைகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் விட்டுத் தள்ளியிருக்கச் சொல்வார்கள். பால் கொடுக்கிற தாய்மார்களும் கர்ப்பிணிகளும் இந்த மருந்தை எடுக்கக் கூடாது.

இப்போது பெரியம்மா காலை ஐந்தரைக்கு எழுந்து, தைராய்டு சுரக்க வேண்டியதை ஈடுகட்டும் தைராக்சின் மாத்திரையை வெறும் தண்ணீரில் போட்டுக்கொள்கிறார். காப்பிக்கு ஆறரை ஆகும். கால்சியம் மாத்திரையை அதோடு சேர்த்து எடுத்தால் தைராக்சின் உடம்பில் சேராது, நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும், அதனால் அது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில், தைராய்டு செல்கள் மட்டுமே உண்டாக்கும் தைரோகுளோபுலின் அளவு பார்க்கிறார்கள். தைராய்டே இல்லாத உடம்பில் அது ஏறினால் எங்கோ செல் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். போன முறை ஏறவில்லை. அந்தத் தாளை வாங்கிவர எதிர்வீட்டுப் பையன்தான் பைக்கில் போனான், போகும் வழியில் தொய்ந்து கிடந்த இரண்டு வயரைப் பற்றி மின்வாரியத்துக்கும் கேபிள்காரருக்கும் போன் செய்துவிட்டு. அவன் குரல் இன்னும் கொஞ்சம் கரகரப்புதான், ஆனால் தெருமுனையிலிருந்து கூப்பிட்டால் கேட்கிறது.